பிறர் பொறுப்பில் விடப்பட்ட விலங்கு: சீகிரியாச் சவாரி யானைகளும் பராமரிப்புக் கடமையும்

குதிரை வளர்ப்போர் மிகுந்த நாடுகளில் நீதிமன்றங்களுக்குப் பழகிப்போன வழக்கு ஒன்று உண்டு. உடைமையாளர் மாதக் கட்டணம் பேசித் தம் குதிரையைப் பிறரது லாயத்தில் விடுகிறார். சில மாதங்களில் குதிரை மெலிகிறது, குளம்பு அழுகுகிறது, அல்லது வயிற்றுவலியில் இறந்தே போகிறது. தீனி போடவில்லை என்கிறார் உடைமையாளர். கட்டணம் நிலுவையில் இருக்கிறது, அதைத் தீர்க்காமல் குதிரையை அவிழ்க்க முடியாது என்கிறார் லாயக்காரர். மாத்தளை மாவட்டத்தில் இதே பிணக்கு யானையின் பெயரால் எழுகிறது. சீகிரியாவிலும், மாவட்ட எல்லையைத் தாண்டியவுடன் வரும் ஹபரணையிலும் நடக்கும் யானைச் சவாரித் தொழிலில், பதிவு ஒருவர் பெயரிலும், சவாரி நிலையம் இன்னொருவர் கையிலும், யானையின் கழுத்தில் அமரும் பாகன் மூன்றாமவராகவும் இருக்கக்கூடும். யானை நோயுற்றால் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டலாம். இலங்கைச் சட்டம் இந்த மூவருக்குள் கடமையைப் பிரித்துக் கொடுக்கத் தவறியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கொடுமை, கருணை என்ற சொற்களில் மட்டும் நடக்கும் பொதுவிவாதம் இந்தத் தவறை மறைத்துவிடுகிறது.

ஆங்கிலப் பொதுச் சட்டம் இதில் ஒரு விசித்திரமான கோட்டைக் கிழித்தது. பந்தயக் குதிரையைப் பழக்கியவர் தம் கூலிக்காக அதைத் தடுத்து வைக்கலாம் என்று 1828 இல் பெவன் எதிர் வாட்டர்ஸ் வழக்கு ஏற்றது. மேய்ச்சலுக்கு மாடுகளை ஏற்றவருக்கு அந்த உரிமை இல்லை என்று 1839 இல் ஜாக்சன் எதிர் கம்மின்ஸ் வழக்கு முடிவு செய்தது. பழக்கியவர் விலங்கின் மதிப்பைக் கூட்டினார், மேய்த்தவர் அதை இருந்தபடியே வைத்திருந்தார் என்பது காரணம். தினமும் புல்லும் நீரும் கொடுத்து உயிரோடு வைத்திருப்பது மதிப்பைக் கூட்டும் வேலையல்ல என்று கருத, சந்தை விலையைத் தவிர வேறெதையும் பாராத கண் வேண்டும்.

இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் இவ்விடத்தில் கூடுதல் நியாயமானது. பிறர் பொருளைக் காக்க அவசியமான செலவு செய்தவர், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், அச்செலவு தீரும்வரை பொருளைத் தடுத்து வைக்கலாம். விலங்குக்குத் தீனி போடுவதைவிட அவசியமான செலவு இருக்க முடியாது. ஆகவே வாடகை முடிந்த பின்னும் உடைமையாளர் அழைத்துச் செல்லாத விலங்கைப் பராமரித்தவருக்கு இந்த உரிமை கிடைப்பதே கோட்பாட்டுக்குப் பொருந்தும். ஆனால் கோட்பாடு இங்கே தன்னைத்தானே கடித்துக்கொள்கிறது. தடுத்து வைத்த நெல் மூட்டை தின்னாது. வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தின்னும். கடனுக்காகப் பிடித்து வைத்த விலங்கே கடனை நாள்தோறும் வளர்க்கிறது. சில வாரங்களில் இரு தரப்புக்கும் அதை ஒழுங்காகப் பேணும் ஆர்வம் வற்றிவிடும். கித்துள் ஓலையின் கனம் குறையும், குளியல் தவறும், கால்நடை மருத்துவரை அழைப்பது தள்ளிப்போகும்.

உரோமச் சட்டத்தின் மூல நூலான டைஜெஸ்ட்டில் சட்டவறிஞர் அல்ஃபேனஸ் ஆராயும் ஒரு வழக்கு இதற்கு மிக அருகில் வருகிறது. இவ்வளவு பாரம் என்று பேசி வாடகைக்கு எடுத்த கோவேறு கழுதைகள்மேல் அதைவிட அதிகம் ஏற்றி ஒருவர் அவற்றைக் கெடுத்துவிடுகிறார். வாடகை ஒப்பந்தத்தின்படியோ, சொத்துச் சேதத்துக்கான சட்டத்தின்படியோ உடைமையாளர் வழக்குத் தொடரலாம் என்பது விடை. விலங்கை ஆள்பவர்மீது பொறுப்பை வைத்த அளவில் இது தெளிவான விதி. ஆனால் வழக்காடும் உரிமை உடைமையாளருக்கு மட்டுமே. அவரும் அதே வருமானத்தில் பங்கு பெறுபவராக இருந்தால் முறையிட யாரும் மிஞ்சுவதில்லை.

அந்த வெற்றிடத்தின் விளைவை 2019 இல் பார்த்தோம். அவ்வாண்டு அக்டோபரில் சீகிரியா, ஹபரணைச் சுற்றுலா வட்டாரத்தில் 18 வயதான கனகோட்டா என்ற யானை பயணிகளைச் சுமந்த நாளிலேயே சரிந்து இறந்தது. முந்தைய இரவு அது பெரகரா என்னும் சமய ஊர்வலத்தில் நடந்திருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. அச்செய்திகளின்படி பார்த்தால், பெரகராவுக்கு அனுப்பியதும் மறுநாள் சவாரிக்கு நிறுத்தியதும் இரண்டு தனித்தனி முடிவுகள். ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் வழக்கமானதாகத் தோன்றும். இரண்டையும் கூட்டிப் பார்க்கும் கடமையைச் சட்டம் எவர் தலையிலும் வைக்கவில்லை.

கையில் இருந்த சட்டமோ விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் உச்ச அபராதம் 100 ரூபாய். புதிய விலங்கு நலச் சட்டமூலத்துக்கு 2016 இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தும் காரியம் நகரவில்லை.

2021 ஆகஸ்டில் வெளியான வர்த்தமானி விதிகள் நிச்சயமாக முன்னேற்றமே. நாளுக்கு இரண்டரை மணி நேரக் குளியல், ஆறு மாதத்துக்கொரு மருத்துவப் பரிசோதனை, சவாரியில் நால்வருக்கு மேல் ஏற்றாமை, மெத்தையிட்ட இருக்கை, மரம் இழுக்கும் யானைக்கு நான்கு மணி நேர வரம்பு எனக் கணக்கிடக்கூடிய அளவுகோல்களை அவை தந்தன. பணி நேரத்தில் பாகன் மது அருந்தாமல் பார்க்கும் பொறுப்பும் அவற்றில் உண்டு. அப்பொறுப்பு உடைமையாளர்மீதோ வைத்திருப்பவர்மீதோ சுமத்தப்படுகிறது. எப்போது எவர்மீது என்ற கேள்விக்கு விடை இல்லை. மீறினால் யானையை அரசு எடுத்துக்கொள்ளும். இத்தண்டனை உடைமையாளரைத்தான் சுடும். சவாரி நிலையக்காரர் இழப்பது ஒரு வாடகை யானையை. அடுத்த வாரம் இன்னொன்றைப் பேசிக்கொள்ளலாம்.

அதே விதிகள் வேறொரு பிணக்கையும் கிளப்பின. அவற்றைத் தொடர்ந்து, காட்டிலிருந்து களவாகப் பிடிக்கப்பட்டவை என்ற குற்றச்சாட்டில் அரச பராமரிப்பில் இருந்த யானைகளை, முன்பு வைத்திருந்தவர்களிடமே ஒப்படைக்கக் கொழும்பு நீதவான் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் உத்தரவிட்டது. விலங்குநல அமைப்புகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடின. நன்றாகப் பராமரிப்பவர் என்பதால் ஒருவர் உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. உடைமையாளர் என்பதால் நல்ல பராமரிப்பாளரும் ஆகிவிடுவதில்லை. இவ்விரண்டு கேள்விகளையும் ஒரே வழக்கில் முடிச்சுப்போட்டதே குழப்பத்தின் வேர்.

முத்துராஜாவின் கதை இதற்கு எதிர்த்திசையில் ஓடியது. 2001 இல் தாய்லாந்து இலங்கைக்குக் கொடுத்த யானை அது. அரசு அதை அளுத்கமைப் பகுதியின் கந்தே விகாரையிடம் விட்டது. கால் விறைத்து, உடலில் புண்களோடு இருந்த யானைக்காக விலங்குரிமை அமைப்பொன்று குரல் எழுப்ப, 2022 நவம்பரில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு மாற்றினார்கள். 2023 ஜூலை 2 அன்று அது விமானத்தில் தாய்லாந்து திரும்பியது. அப்போதைய பிரதமர் தினேஷ் குணவர்தன தாய்லாந்து மன்னரிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அந்த யானைக்கு அமைந்தது கொடுத்தவர் திரும்பிக் கேட்கும் வலிமை படைத்த ஓர் அரசாக இருந்த அதிர்ஷ்டம். சீகிரியாக் குளத்தோரம் சவாரிக்கு நிற்கும் யானைக்கு அப்படியொரு தூதரகம் கிடையாது.

எனவே கடமை பதிவுப் பெயரைப் பின்தொடரக் கூடாது. அன்றைய வேலையைத் தீர்மானிப்பவரைப் பின்தொடர வேண்டும். இது கடைசியில் பாகன் தலையில்தான் விடியும் என்ற ஆட்சேபம் எழலாம். மூவரில் எளியவர் அவர்தான், யானை மிரண்டால் முதலில் மிதிபடுபவரும் அவரே. ஆனால் எத்தனை சவாரி, எத்தனை மணிக்கு, ஓய்வு எப்போது என்பதைப் பெரும்பாலும் பாகன் முடிவு செய்வதில்லை. பயணிகளிடம் பணம் வாங்குபவரே முடிவு செய்கிறார். அவர் நாளேடு ஒன்றை வைக்கட்டும். தீனி, குளியல், சவாரி எண்ணிக்கை, முந்தைய இரவில் யானை நின்ற இடம் ஆகிய நான்கையும் அன்றன்று எழுதி, வனஜீவராசிகள் திணைக்களம் கேட்கும்போது காட்டட்டும். ஏடு இல்லையென்றால் கவனம் தவறவில்லை என்று நிரூபிக்கும் சுமை அவருடையதாகட்டும். ஒரே யானையைப் பெரகராவுக்கும் சவாரிக்கும் கொடுக்கும் உடைமையாளர், இரண்டு வேலைகளையும் கூட்டிப் பார்க்கும் கடமையிலிருந்து தப்ப முடியாதவராக இருக்கட்டும்.

தடுத்து வைக்கும் உரிமையையும் விலங்கிடமிருந்து பிரித்துவிடலாம். செலவுத் தகராறு எழுந்தவுடன் யானையையோ குதிரையையோ மூன்றாவது இடத்தில் ஒப்படைத்து, பராமரிப்புச் செலவை இரு தரப்பும் நீதிமன்றத்தில் வைப்பிலிட நீதவான் உத்தரவிடும் அதிகாரம் போதும். தீனிக் கடனுக்கான உரிமை அந்தப் பணத்தின்மேல் நிற்கும். முடங்கிக் கிடக்கும் விலங்கு நலச் சட்டமூலம் மறுபடி மேசைக்கு வரும்போது, அபராதத் தொகையை உயர்த்தும் பிரிவுக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும்.