ஒளி செதுக்கியது, கை அச்சிட்டது

புகைப்படக் கலையின் வரலாற்றை 1839-ஆம் ஆண்டில், தாகேரின் பெயரோடு தொடங்குவோர் பலர். ஆனால் அதற்கு முன்னரே அக்கலைக்கு வித்திட்டவர் தேடியது நிழற்படத்தை மட்டுமன்று, அச்சையுமாகும்.

பிரான்சு நாட்டு நியெப்ஸ் கல்லச்சில் பேரார்வம் கொண்டவர்; ஆனால் சித்திரம் வரையக் கை வராதவர். தம் கை செய்யாததைக் கதிரவனைக் கொண்டு செய்விக்க அவர் முனைந்தார். கார்தினால் தாம்புவாஸ் என்பாரின் உருவம் பொறித்த 17-ஆம் நூற்றாண்டு அச்சோவியம் ஒன்றை 1826-இல் எடுத்துக்கொண்டார். அதன் தாளை ஒளி ஊடுருவுமாறு பதப்படுத்தி, நிலக்கீல் பூசிய உலோகத் தகட்டின்மேல் வைத்து வெயிலில் காட்டினார். வெயில் பட்ட இடம் இறுகியது. கோடுகளின் நிழலில் இருந்த இடம் இளகியே நின்று, கரைப்பானில் கரைந்தது. அங்கே அமிலம் உலோகத்தை அரித்துப் பள்ளமாக்கியது. மறு ஆண்டில் பாரிசு நகரச் செதுக்கோவியர் லெமேத்ர் அத்தகட்டிலிருந்து படிகள் எடுத்தார். கதிரவன் வரைந்ததைத் தாளில் ஏற்றக் கைத்தொழிலாளர் ஒருவர் வேண்டியிருந்தார் என்பதை நாம் கருதுதல் வேண்டும்.

இங்கிலாந்தின் டால்பட் 1852-லும் 1858-லும் இம்முறையைச் செப்பம் செய்தார். ஓவியராகவும் விளங்கிய கார்ல் கிளிச் 1879-இல் வியன்னாவில் அதனை நிறைவுறச் செய்தார். செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடி தூவிச் சூடாக்கி ஒட்டவைப்பர்; அதன்மேல் ஒளியேற்ற ஜெலட்டின் படலத்தைப் பதிப்பர். படலம் மெலிந்த இடத்தில் அரிப்பு ஆழமாகும். தடித்த இடத்தில் மேலோடு நிற்கும். ஆழத்திற்கேற்ப மை தங்கும். கருமை முதல் வெண்மை வரை அத்தனை சாயலும் பிறக்கும்.

ஆயினும் தகடு ஊமையே. அதனைப் பேசவைப்பது மையிடுபவர் கை. தகட்டை இளஞ்சூடாக்கிக் கெட்டி மையைப் பள்ளந்தோறும் அழுத்துகிறார், வலைத்துணியால் துடைக்கிறார், இறுதியில் உள்ளங்கையால் மெல்லத் தடவுகிறார். பின்னர் ஈரத்தாளைப் பரப்பி, உருளைகளுக்கிடையே செலுத்துகிறார். சற்று மிகுதியாகத் துடைத்தால் முகம் வெளிறும்; குறைவாகத் துடைத்தால் மாலை மங்கல் படரும். ஒவ்வொரு படிக்கும் இவ்வுழைப்பு முழுவதும் மீண்டும் வேண்டும். பழைய டச்சு மேதை ரெம்ப்ராண்ட் தம் தகடுகளில் வேண்டுமென்றே மைப்படலத்தை விட்டுவைத்து இருளையும் ஒளியையும் ஆண்டதும் இக்கைத்திறத்தாலேயே.

வரலாற்றின் விந்தையை என்னென்பது! அதே கிளிச், 1895-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் சுழல் உருளை அச்சைத் தொழிலாக்கிய நிறுவனத்தில் பங்கு கொண்டார். அங்கே மையைத் துடைத்தது எஃகுத் தகடு, உள்ளங்கை அன்று. படிகள் விரைந்து பெருகின. ஒன்றுபோல் மற்றொன்று அமைந்தது. அந்நிறுவனம் பூண்ட பெயரோ 'ரெம்ப்ராண்ட்'!

விரைவினால் உலகம் பெற்ற நன்மையை நாம் மறுக்கவில்லை. படங்கள் எளியோர் இல்லம்வரை சென்றன. ஆனால் மேதையின் பெயரைச் சூட்டிக்கொள்வது எளிது. அவர் கையின் பொறுமையைக் காப்பதே அரிது. இன்றும் சிறு பட்டறைகளில் சிலர் பழைய சித்திரங்களை முன்வைத்துத் தகடு அரித்துக் கையால் மையிடுகின்றனர். அவர்கள் காப்பது அப்பொறுமையையே.