வீடற்றோரின் உணவுரிமை: இந்தியச் சட்ட வரலாறு

இந்தியாவில் 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28 இரவில் வீடற்றோர் தனியாகக் கணக்கிடப்பட்டனர். நடைபாதை, ரயில் நிலையம், பாலத்தடி, கோயில் மண்டபம் போன்ற இடங்களில் தங்கியிருந்த அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 17.7 லட்சம். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நகரங்களில் வாழ்ந்தனர்.

இத்தகையோருக்கு உணவளிப்பது நெடுங்காலம் அறச்செயலாகவே கருதப்பட்டது. சத்திரங்களும் மடங்களும் அப்பணியைச் செய்தன. வடலூரில் 1867 இல் வள்ளலார் நிறுவிய தருமசாலை அம்மரபில் சிறப்பிடம் பெற்றது. எனினும் அறம் கொடுப்பவரின் மனத்தைச் சார்ந்தது. உரிமையோ, மறுக்கப்பட்டால் சட்டப்படி கேட்டுப் பெறத்தக்கது. பசித்தவருக்கு உணவு உரிமையாக மாறிய வரலாற்றில் வீடற்றோர் பின்தங்கியே நின்றனர்.

இரண்டு தடைகள்

பொது விநியோகத் திட்டம் குடும்பத்தையும் அதன் முகவரியையும் அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. முகவரிச் சான்று இருந்தால் குடும்ப அட்டை. அட்டை இருந்தால் குறிப்பிட்ட ஒரு நியாய விலைக் கடையில் பொருள். வீடற்றவர் முதற்படியிலேயே தடுக்கப்பட்டார். இது முதல் தடை.

அட்டை கிடைத்தாலும் இரண்டாவது தடை ஒன்று உண்டு. கடையில் கிடைப்பது அரிசியும் கோதுமையும். அவற்றைச் சமைக்க அடுப்பு, பாத்திரம், எரிபொருள் ஆகியன வேண்டும். மிச்சத்தைப் பாதுகாப்பாக வைக்க இடமும் வேண்டும். நடைபாதையில் வாழ்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது சமைத்த உணவு.

உச்ச நீதிமன்ற வழக்கு

2001 இல் ராஜஸ்தானில் வறட்சியால் மக்கள் பட்டினி கிடந்தபோது, அரசுக் கிடங்குகளில் தானியம் நிரம்பிக் கிடந்தது. இந்த முரணைச் சுட்டி, மக்கள் சிவில் உரிமைக் கழகம் அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் உணவுரிமையும் அடங்கும் என்பது அதன் வாதம். 2001 நவம்பர் 28 இல் பிறப்பிக்கப்பட்ட இடைக்கால ஆணை, எட்டு உணவு, நலத் திட்டங்களைச் சட்டப்படி கோரத்தக்க உரிமைகளாக்கியது.

2003 மே 2 ஆம் நாள் ஆணை, ஆதரவற்ற முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு அந்தியோதயா அட்டை வழங்கப் பணித்தது. அவ்வட்டைக்கு மாதம் 35 கிலோ தானியம் குறைந்த விலையில் கிடைத்தது.

2009 டிசம்பர் குளிரில் டெல்லியில் தற்காலிக இரவுத் தங்குமிடம் ஒன்று இடித்து அகற்றப்பட்டது. நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் இதைக் கடிதம் வழியே தெரிவித்தனர். உணவு வழக்கிலேயே தங்குமிடமும் விசாரிக்கப்பட்டு, 2010 இல் ஆணைகள் பிறந்தன. பசியும் வீடின்மையும் பிரிக்க முடியாதவை என்பதை நீதிமன்றம் ஏற்றது. 2013 இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம் என அளவு வகுத்தது. அங்கே சமையலிடம் இருக்க வேண்டும் என்றும் கூறியது.

சேர்க்கப்பட்டதும் நீக்கப்பட்டதும்

2011 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்ட தேசிய உணவுப் பாதுகாப்பு மசோதா, வீடற்றோரைப் பெயர் சுட்டியே குறிப்பிட்டது. ஆதரவற்றோருக்கு நாள்தோறும் ஒரு வேளை இலவச உணவு. வீடற்றோருக்குச் சமுதாயச் சமையற்கூடங்களில் எளிய விலையில் உணவு. மேற்கண்ட இரண்டு தடைகளையும் ஒருங்கே நீக்கக்கூடிய விதி இது.

ஆனால் 2013 இல் நிறைவேறிய சட்டத்தில் அவ்விதி இடம்பெறவில்லை. ‘தகுதியுள்ள குடும்பங்கள்’ மானிய விலைத் தானியம் பெறும் ஏற்பாடே சட்டத்தின் மையமாயிற்று. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு உணவு வழங்கும் விதிகள் நிலைத்தன. வீடற்றோருக்கான விதி மறைந்தது.

பின்னைய நிலை

அதே 2013 இல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கப்பட்டது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். அட்டையும் முகவரியும் கேட்கப்படுவதில்லை. எனினும் அது அரசின் திட்டம். உண்பவர் வழக்காடிப் பெறக்கூடிய உரிமை அன்று.

2021 ஜூன் 29 இல் உச்ச நீதிமன்றம், புலம்பெயர் தொழிலாளர்களுக்காகச் சமுதாயச் சமையற்கூடங்களை நடத்த ஆணையிட்டது. அது பெருந்தொற்றுக் காலத்துக்கு மட்டுமே உரியது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டம், அட்டையை எந்த ஊரிலும் பயன்படுத்த வழிசெய்கிறது. அட்டையே இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

முகவரியின்றிப் பெறத்தக்க சமைத்த உணவு ஒருமுறை மசோதா வரை வந்தது, சட்டமாகவில்லை. இந்திய உணவுரிமை வரலாற்றில் வீடற்றோருக்கு எஞ்சியிருக்கும் இடைவெளி இதுவே ஆகும்.