காயல் முத்தும் உயிரணுவும்

காயல் என்றதும் முத்து நினைவுக்கு வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறையில் குதிரைகள் வந்திறங்கியதையும் இக்கடலில் முத்துக் குளித்ததையும் எழுதி வைத்தார். அவர் கண்ட காயல், தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்திலுள்ள பழையகாயல் என்பது கால்டுவெல்லின் முடிபு. அதற்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள காயல்பட்டினத்தாரும் முத்திலும் மணியிலும் வாணிகம் செய்து பேர் பெற்றவர்களே.

சிப்பிக்குள் முத்து எப்படி உண்டாகிறது? சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி, வாய் திறந்த சிப்பியில் விழுந்து முத்தாகிறது என்றனர் நம் முன்னோர். பனித்துளியே முத்தாகிறது என்றனர் ரோமர். உருண்டு ஒளிரும் ஒன்றைக் கண்டவர்களுக்கு நீர்த்துளி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. இதை நகைப்பதற்கு இடமில்லை என்பது என் எண்ணம். விடை காண வேண்டிய கருவி அன்று எவர் கையிலும் இல்லை.

அக்கருவி நுண்பெருக்கி. இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் 1665இல் தக்கைச் சீவலொன்றை அதன் வழியே நோக்கினார். சிறு சிறு அறைகள் தெரிந்தன. அறை என்னும் பொருள்பட ‘செல்’ என்று பெயரிட்டார். அவர் கண்டது உயிர் போன வெறுங்கூடு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது! உள்ளே ஓர் உட்கரு உண்டென்பதை 1831இல் ராபர்ட் பிரவுன் வற்புறுத்திச் சொன்னார். தாவரங்கள் உயிரணுக்களால் ஆனவை என்று ஷ்லைடன் 1838இலும், விலங்குகளும் அப்படியே என்று ஷ்வான் 1839இலும் நிறுவினர். உயிரணு உயிரணுவிலிருந்தே பிறக்கும் என்றார் விர்ஷோ.

இனி நம் சிப்பிக்கு வருவோம். அதன் உயிரணுவைச் சுற்றி மெல்லிய சவ்வு உண்டு. தடித்த சுவர் கிடையாது. உள்ளே குழைவான சைட்டோபிளாசமும், நடுவே உட்கருவும், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் இருக்கின்றன. சிப்பி உண்ணும் டயாட்டம் என்னும் நுண்பாசிக்கோ மணற்சத்தாலான சுவரும், வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் பச்சையமும் உண்டு. அதே நீரில் மிதக்கும் பாக்டீரியாவுக்கு உட்கருவே இல்லை.

ஒரே சிப்பியின் உயிரணுக்களும் ஒரே தொழில் செய்வதில்லை. செவுளின் உயிரணுக்கள் நுண்மயிர்களை அசைத்து நீரை உள்ளே இழுக்கின்றன. இரத்த அணுக்கள் அந்நியப் பொருளை விழுங்குகின்றன. ஓட்டின் உட்புறத்தை ஒட்டிய சதைப்போர்வையே இங்கு முக்கியம். அதன் ஓரத்து அணுக்கள் ஓட்டின் வெளி அடுக்குகளை ஆக்குகின்றன; ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி, ஓட்டை நோக்கியுள்ள அணுக்கள் ஒளிரும் உள்ளடுக்கை ஆக்குகின்றன. எல்லாவற்றின் உட்கருவிலும் இருக்கும் மரபுச் செய்தி ஒன்றே. ஒவ்வொன்றும் அதில் தனக்குரிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

1902இல் இலங்கையின் முத்துப் பார்களை ஆராய வந்த ஹெர்ட்மன், நாடாப்புழுவின் குஞ்சே முத்துக்குக் கரு என்றார். புழுவைத் தேடியதில் பிழையில்லை. ஆனால் புழு முத்தாக்குவதில்லை. ஓட்டை ஆக்கும் அணுக்களிற் சில, எக்காரணத்தாலோ இடம்பெயர்ந்து சதைக்குள் சிக்கிப் பெருகிப் பையாக மூடிக்கொண்டால், அங்கும் தம் பழைய தொழிலையே தொடர்கின்றன. ஓட்டுக்குரிய பூச்சு பைக்குள் உருளையாகத் திரள்கிறது. அதுதான் முத்து.

ஜப்பானில் நிஷிகாவாவும் மிசேயும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதையே செயலாக்கினர். ஒரு சிப்பியின் போர்வையில் சிறு துண்டு வெட்டி, ஓட்டில் கடைந்த மணியொன்றுடன் மற்றொரு சிப்பியின் சதையில் வைப்பது அவர்கள் முறை. துண்டில் ஓட்டை நோக்கிய அணுக்கள் மணியைத் தொட்டிருக்க வேண்டும். போர்வையின் உட்பக்கத்து அணுக்களால் முத்துப் பை உண்டாவதில்லை.

நம் கடலில் 1961ஆம் ஆண்டுச் சலாபத்துக்குப் பின் பார்கள் ஓய்ந்தன. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1973இல், தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சாமி இவ்வழியில் உருண்டை முத்துக்களை விளைவித்துக் காட்டினார். இதில் ஒன்று என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. துண்டு கொடுத்த சிப்பி அன்றே மடிந்துவிடுகிறது. அதன் அணுக்களோ வேறொரு சிப்பியின் உடலுக்குள் வாழ்ந்து முத்தை வளர்க்கின்றன. விளையும் முத்தின் நிறமும் பெரும்பாலும் மடிந்த சிப்பியைச் சார்ந்தே அமைகிறது.