கம்பியில்லாத் துளைப்பான்: வில் துறப்பணம் முதல் லித்தியம் மின்கலம் வரை

கம்பியில்லாத் துளைப்பான் என்பது மின்கலத்தின் ஆற்றலால் இயங்கி, மரம், உலோகம், சுவர் ஆகியவற்றில் துளையிடவும் திருகாணி முடுக்கவும் பயன்படும் கைக்கருவி ஆகும். தச்சர்களும் கடைக்காரர்களும் இதைக் கார்டுலெஸ் டிரில் என்றே அழைக்கின்றனர். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், மின்கம்பி எட்டாத மிளகுத் தோட்டத்திலும் இன்னும் மின் இணைப்பு வாங்காத புது வீட்டிலும் வேலை செய்பவர்களுக்கு இது மிகவும் பயன்படுகிறது. இக்கருவியின் வரலாற்றில் பெரும்பகுதி மின்கலத்தின் வரலாறே. அதை அறிந்தவர்கள் நீண்டகாலம் உழைக்கும் துளைப்பானைத் தாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும்.

வில்லால் சுழன்ற கருவி

துளையிடும் கலை மிகப் பழமையானது. பலுச்சிஸ்தானத்தில் உள்ள மெகர்கர் என்னும் புதிய கற்கால ஊரின் இடுகாட்டில், 7500 முதல் 9000 ஆண்டுகளுக்கு முன் துளையிடப்பட்ட மனிதப் பற்கள் கிடைத்துள்ளன. கல்முனை கொண்ட துளைப்பானால் அத்துளைகள் இடப்பட்டன. தமிழகத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், சங்ககாலத்தில் கல்மணிகள் செய்யப்பட்டன. அங்கு நடந்த அகழாய்வில் துளையிட்ட மணிகளோடு வேலை முடியாத மணிகளும் கிடைத்துள்ளன.

நம் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியது துறப்பணம். ஒரு மரத்தண்டின் கீழ்முனையில் இரும்பு அலகு பொருத்தப்பட்டிருக்கும். மேல்முனையைக் குமிழாலோ கொட்டாங்குச்சியாலோ அழுத்திப் பிடிப்பர். வில்லின் கயிற்றைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழலும். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்தவன் என்று புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணரால் புகழப்பட்ட வல்வில் ஓரி ஆண்ட மலை கொல்லிமலை. அதே வில் தச்சரின் கையில் துளையிடும் கருவியாகவும் இருந்தது. துறப்பணத்தில் அலகு தேய்ந்தால் கொல்லர் தீட்டித் தருவார். கயிறு அறுந்தால் புதுக்கயிறு கட்டலாம். எந்தப் பகுதி பழுதானாலும் ஊருக்குள்ளேயே சரிசெய்ய முடிந்ததால் அது தலைமுறை கடந்து உழைத்தது.

மின்சாரத் துளைப்பான்

1863-இல் அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் முறுக்கு அலகுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடையில் நாம் வாங்கும் அலகுகளின் வடிவம் அதிலிருந்து வந்ததே. 1889-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் இருவரும் மின்சாரத் துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றனர். 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த ஃபைன் சகோதரர்கள் கையில் தூக்கிச் செல்லக்கூடிய மின் துளைப்பானைச் செய்தனர். 1917-இல் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம், கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றது. இன்றுவரை அந்த வடிவமே நிலைத்திருக்கிறது. ஆனால் மின்கம்பி எட்டும் தூரம் வரைதான் அதைக் கொண்டு செல்ல முடிந்தது.

கம்பியில்லாத கருவியின் வருகை

1961-இல் அதே நிறுவனம் நிக்கல்-காட்மியம் மின்கலத்தால் இயங்கும் துளைப்பானை வெளியிட்டது. நிக்கல்-காட்மியம் மின்கலத்தை 1899-இல் உருவாக்கியவர் சுவீடன் நாட்டு வால்டெமர் யுங்னர். கம்பியில்லாத் துளைப்பான் நிலவுப் பயணத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று பலர் எழுதுகின்றனர். அது சரியன்று. கருவி 1961-இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. நிலவின் மண்ணை 3 மீட்டர் ஆழம் வரை துளைத்து மாதிரி எடுக்கும் கருவியை அப்பல்லோ திட்டத்துக்காக அந்நிறுவனம் பின்னர் உருவாக்கிக் கொடுத்தது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் அது முதலில் பயன்பட்டது. ஜப்பானின் மகிட்டா நிறுவனம் 1978-இல் நிக்கல்-காட்மியம் மின்கலத் துளைப்பானை வெளியிட்டது.

நிக்கல்-காட்மியம் முரட்டு உழைப்பைத் தாங்கும். ஆனால் எடை மிகுதி. சும்மா வைத்திருந்தாலும் மின்னேற்றம் குறையும். பாதி தீர்ந்த நிலையில் மீண்டும் மீண்டும் மின்னேற்றினால் கொள்ளளவு குறைந்தது போல நடந்துகொள்ளும். இதனால்தான் முழுதும் தீர்ந்தபின் சார்ஜ் போட வேண்டும் என்ற பழக்கம் வந்தது. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், அலமாரி மாட்டவும் பெஞ்சு பழுது பார்க்கவும் இத்தகைய துளைப்பான் ஒன்று வாங்கினோம். சில ஆண்டுகளில் மின்கலம் செத்தது. அதே வகை மின்கலம் எங்கும் கிடைக்கவில்லை. மோட்டார் நன்றாக இருந்தும் கருவி பழைய இரும்புக் கடைக்குப் போனது.

லித்தியம் காலம்

1991-இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். 2003-இல் போஷ் நிறுவனத்தின் சிறிய மின் திருப்புளியிலும், 2005-இல் மில்வாக்கி, மகிட்டா நிறுவனங்களின் பெரிய கருவிகளிலும் இம்மின்கலம் இடம்பெற்றது. நிக்கல்-காட்மியக் கலம் ஒன்று 1.2 வோல்ட் தரும். லித்தியம் கலம் 3.6 வோல்ட் தரும். ஆகவே 18 வோல்ட்டுக்கு முன்பு 15 கலங்கள் தேவைப்பட்டன. இப்போது 5 போதும். காட்மியம் நச்சு உலோகம் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் கம்பியில்லாக் கருவிகளுக்கு அளித்திருந்த விலக்கையும் 2016 இறுதியோடு முடித்துக்கொண்டது.

நீடித்து உழைக்கும் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கொல்லிமலையின் பலாமரம் உறுதியானது. கதவு, நிலை, கட்டில் என்று பல வேலைகளுக்கும் பயன்படுவது. கீல் மாட்டவும் அலமாரி பூட்டவும் 12 வோல்ட் கருவி போதும். பலா நிலையில் பெரிய துளையிட 18 வோல்ட் வேண்டும். செங்கல் சுவரில் துளையிட, தட்டிச் சுழலும் வசதி தேவை. கான்கிரீட்டில் நாள் முழுதும் வேலை என்றால் கம்பியுள்ள கருவியே சிக்கனம். 20 வோல்ட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 18 வோல்ட் வகையே. முழு மின்னேற்றத்தில் உள்ள அளவை அது குறிக்கிறது.

எவ்வளவு நேரம் உழைக்கும் என்பதை வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கி அறியலாம். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. 4 ஆம்பியர்-மணி என்றால் 72. சில மலிவுக் கருவிகளில் 48, 88 என்று பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். பலவற்றின் உள்ளே அதே ஐந்து கலங்களே இருக்கும். இதை எடையாலும் சோதிக்கலாம். பரவலாகப் பயன்படும் 18650 அளவுக் கலம் ஒன்று சுமார் 45 கிராம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 2 முதல் 3.5 ஆம்பியர்-மணி. இவ்வகைக் கலங்கள் ஐந்தே கொண்ட தொகுதி 6 ஆம்பியர்-மணி தர முடியாது.

கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் விலை கூடுதலானாலும் ஏற்றது. தேய்வதற்குப் பிரஷ் இல்லை, வெப்பம் குறைவு, அதே மின்கலத்தில் கூடுதல் நேரம் ஓடும். அலகைப் பற்றும் சக் உலோகத்தால் ஆனதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிறுவனம் ஒரே மின்கல வடிவத்தைப் பல ஆண்டுகளாக விற்கிறதா, தனி மின்கலம் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போய்ப் பழுது பார்ப்பவருக்கு, ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் சேர்த்தே விலை. இரண்டு மின்கலங்களோடு வாங்கினால் ஒன்று மின்னேறும்போது மற்றொன்று உழைக்கும்.

லித்தியம் மின்கலத்தை முழுதும் தீரவிடும் பழைய பழக்கம் இதற்குப் பொருந்தாது. வேகம் குறையத் தொடங்கியதும் நிறுத்தி மின்னேற்ற வேண்டும். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் வைக்கக் கூடாது. மாதக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் பாதி மின்னேற்றத்தில் நிழலில் வைப்பது நல்லது.

பழைய மின்கலங்கள்

செத்த மின்கலத்தைக் குப்பைமேட்டிலோ ஓடையிலோ எறியக் கூடாது. கொல்லிமலையின் ஓடை நீர் ஐயாற்றில் சேர்ந்து, ஆகாயகங்கை அருவியாக விழுந்து, கீழே உள்ள வயல்களுக்கும் போகிறது. பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பு அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்களுக்கே உண்டு என்று 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. எனவே புதியது வாங்கும்போதே, பழையதை எங்கே ஒப்படைப்பது என்றும் கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.