ஜெர்மனியோடும் இத்தாலியோடும் மோதிய 'மலாயா': நம்ம ஊர் காசில் கட்டிய போர்க்கப்பல்

சிலாங்கூரில் வளர்ந்தவரா நீங்க? அப்படின்னா இந்தக் கப்பலின் கதையில் உங்க ஊருக்கும் பங்கு உண்டு. பிரிட்டிஷ் கடற்படையின் 'எச்.எம்.எஸ். மலாயா' இரண்டு உலகப் போர்களிலும் சண்டை போட்ட கப்பல். அதற்குப் பணம் கொடுத்தது லண்டன் அல்ல, மலாயா.

யார் கொடுத்த பணம்?

பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் அன்று 'ஐக்கிய மலாய் மாநிலங்கள்'. தலைநகர் கோலாலம்பூர். இந்த மாநிலங்களின் கூட்டரசு மன்றம் 1912-இல் பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பலைப் பரிசளிக்க முடிவு செய்தது. செலவு கிட்டத்தட்ட 30 லட்சம் பவுன்.

அந்த மன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. ஆனால் அரசாங்கக் கஜானாவை நிரப்பியது ஈயச் சுரங்கமும் ரப்பரும் அபின் வரியும். சிலாங்கூர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். இன்று ஷா ஆலம் நகரம் இருக்கும் இடத்திலும் முன்பு தோட்டங்கள்தான் இருந்தன.

முதல் உலகப் போரில் என்ன செய்தது?

இங்கிலாந்தின் நியூகாசலில் கட்டப்பட்டு, 1915 மார்ச்சில் கடலில் இறக்கப்பட்டது. எட்டுப் பெரிய பீரங்கிகள், ஒவ்வொன்றும் 15 அங்குலம். 1916 மே 31-இல் ஜட்லண்ட் சண்டையில் ஜெர்மானியக் கடற்படையை எதிர்கொண்டது. எட்டு குண்டுகள் தாக்கியதில் 65 பேர் இறந்தார்கள். அப்போது கப்பலில் பறந்த கொடிகளில் ஒன்று, நான்கு மாநிலங்களின் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்புக் கொடி.

முகம் கருகிப்போன மாலுமி வில்லி விகரேஜுக்கு, 1917-இல் டாக்டர் ஹரால்ட் கில்லீஸ் புது முறையில் அறுவை சிகிச்சை செய்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரியின் ஆரம்பப் படிகளில் அது ஒன்று.

இடையில்?

1921-இல் கப்பல் மலாயாவுக்கே வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், ஆட்சி இழந்த கடைசி ஒட்டோமான் சுல்தான் ஆறாம் மெஹ்மத்தை இஸ்தான்புல்லிலிருந்து ஏற்றிச் சென்றதும் இதே கப்பல்தான்.

இரண்டாம் உலகப் போரில்?

1941 பிப்ரவரி 9-இல் இத்தாலியின் ஜெனோவா நகரைத் தாக்கியது. அதன் குண்டு ஒன்று அங்குள்ள பேராலயத்துக்குள் விழுந்தும் வெடிக்கல. அடுத்த மாதம் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போனது. அதைக் கண்டதும் ஜெர்மனியின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் தாக்காமல் விலகின. ஆனால் மார்ச் 20-இல் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கிவிட, நியூயார்க்கில் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று.

மலாயாவைக் காப்பாற்றியதா?

இல்லை. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது, 'மலாயா' ஜிப்ரால்டர் பக்கம் இருந்தது. இங்கே அனுப்பப்பட்டவை 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற வேறு இரண்டு கப்பல்கள். டிசம்பர் 10-இல் குவாந்தானுக்கு அப்பால் இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. பிறகு பல தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் ஏராளம்.

கடைசியில்?

1948-இல் ஸ்காட்லாந்தின் பாஸ்லேனில் கப்பலை உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். பரிசு கொடுத்த நாடு சுதந்திரம் பெற இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது.