செம்பனையும் இரு காடுகளும்: காங்கோ, மலேசிய வாழ்நிலை ஒப்பீடு

நிலநடுக்கோட்டை ஒட்டிய இரு மழைக்காட்டு நாடுகள் காங்கோ ஜனநாயகக் குடியரசும் மலேசியாவும். இரண்டிலும் வெக்கை, ஈரம், கொசு மூன்றுக்கும் குறைவில்லை. உலகில் ஆண்டுதோறும் மலேரியா காணும் நூறு பேரில் ஏறத்தாழ 12 பேர் காங்கோவில் வாழ்கிறார்கள். மலேசியாவிலோ மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் ஒருவருக்குக்கூடத் தொற்றாத ஆண்டுகள் தொடர்ந்து வந்தன. 2022ஆம் ஆண்டுக்கான மனித மேம்பாட்டுக் குறியீட்டில் மலேசியா 0.807 பெற்று 63ஆம் இடத்திலும், காங்கோ 0.481 பெற்று 180ஆம் இடத்திலும் நின்றன.

இந்த இடைவெளிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. வெப்பமண்டலத் தட்பவெப்பமே வளர்ச்சிக்குத் தடை என்பது ஒன்று. மண்ணுக்குள் செல்வம் மிகுந்த நாடு அச்செல்வத்தாலேயே கெடும் என்பது மற்றொன்று. முதல் காரணம் இரு நாடுகளுக்கும் பொது என்பதால் வேற்றுமையை விளக்காது. இரண்டாவதும் போதாது: வெள்ளீயம், ரப்பர், மரம், எண்ணெய் என்று மண்ணும் காடும் தந்தவற்றை விற்றே மலேசியாவும் எழுந்தது. காட்டின் விளைச்சலில் ஈட்டிய பணம் கிராமத்துக்குத் திரும்பி வர ஒரு பாதை இருந்ததா, அதை நாள்தோறும் பராமரிக்க ஆட்கள் இருந்தார்களா என்ற கேள்வியே இரு நாடுகளையும் பிரிக்கிறது. அந்தப் பாதை மலேசியாவில்கூட எல்லார் வாசலையும் தொடவில்லை என்பதும் இதே கேள்வியின் பகுதி. இரண்டையும் ஒரே செடியின் வரலாற்றில் காணலாம்.

அந்தச் செடி செம்பனை. இதன் தாயகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்களே தென்கிழக்காசியத் தோட்டங்களுக்கு அடித்தளம். மலாயாவில் வணிக நோக்கிலான முதல் செம்பனைத் தோட்டத்தை 1917இல் சிலாங்கூரின் தென்னமாரத்தில் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியே தொடங்கினார். அப்போது காங்கோவில் இந்தத் தொழில் ஏற்கெனவே பேருருவம் எடுத்திருந்தது. சோப்பு வணிகர் வில்லியம் லீவருக்கு 1911இல் பெல்ஜிய அரசு ஏழரை லட்சம் ஹெக்டேர் வரை நிலம் தர ஒப்பந்தம் செய்தது. குவிலு ஆற்றங்கரையில் அவர் பெயராலேயே லீவர்வில் என்ற ஊர் எழுந்தது. மருத்துவமனையும் பள்ளியும் கட்டுவதாக ஒப்பந்தம் சொன்னது. குலை வெட்டுவதற்கு ஆட்களைக் கட்டாயப்படுத்திப் பிடித்துச் செல்வதும் கூடவே நடந்தது. 1931இல் அப்பகுதியின் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தபோது நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

செம்பனை குறித்த அறிவு காங்கோவில் இல்லாமலா போயிற்று? இந்த ஆய்வில் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். கிசங்கானிக்கு மேற்கே, காங்கோ ஆற்றங்கரையில் உள்ள யாங்கம்பி ஆய்வு நிலையம் 1930களில் வெப்பமண்டல வேளாண் ஆய்வின் தலைமையிடங்களுள் ஒன்று. அங்கே பெய்ர்னேர்ட், வாண்டர்வேயன் என்னும் இரு அறிஞர்கள் செம்பனைக் கொட்டையின் ஓட்டுத் தடிப்பை ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்று 1941இல் நிறுவினார்கள். தடித்த ஓடுள்ள டூரா இனத்தையும் ஓடற்ற பிசிஃபெரா இனத்தையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் கொண்ட டெனெரா கிடைக்கும். எண்ணெய் விளைச்சல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். இன்று மலேசியத் தோட்டங்களில் வரிசை வரிசையாக நிற்பவை பெரும்பாலும் டெனெரா மரங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 கோடி டன் பாமாயில் எடுக்கும் மலேசியாவின் வளம் காங்கோ ஆற்றங்கரையில் பிறந்த அறிவின் மேல் நிற்கிறது. 1960க்கு முன் ஆப்பிரிக்காவில் நைஜீரியாவுக்கு அடுத்த பாமாயில் ஏற்றுமதியாளராக இருந்த காங்கோ, இன்று தன் சமையலுக்கே வெளிநாட்டு எண்ணெயை இறக்குமதி செய்கிறது.

விதை, அறிவு, மண், மழை நான்கும் இருந்தும் என்ன நடந்தது?

1960 ஜூன் 30 அன்று காங்கோ விடுதலை பெற்றபோது பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காங்கோ மக்கள் முப்பது பேருக்கும் குறைவு. முக்கால் நூற்றாண்டு ஆண்டவர்கள் பெரும்பாலும் தொடக்கப் பள்ளியோடு கல்விக்கு வேலி போட்டிருந்தார்கள். பிரதமர் பத்ரீஸ் லுமும்பா ஏழே மாதத்தில், 1961 ஜனவரி 17 அன்று கொல்லப்பட்டார். அதற்கு வழிவகுத்த சூழலில் பெல்ஜிய அரசினர் சிலருக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று பெல்ஜிய நாடாளுமன்ற ஆணையமே 2001இல் ஒப்புக்கொண்டது. 1965இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி மொபுட்டுவை மேலை நாடுகள் ஏறத்தாழ கால் நூற்றாண்டு தாங்கிப் பிடித்தன. காங்கோவின் இன்றைய வறுமையை அதன் மக்களின் இயல்பில் தேடுவோர் இந்த வரிசையை முதலில் படிக்க வேண்டும்.

மலாயாவில் 1956இல், விடுதலைக்கு ஓராண்டு முன்பே, ஃபெல்டா என்னும் நிலக்குடியேற்ற வாரியம் அமைந்தது. நிலமற்ற குடும்பத்துக்கு ஏறத்தாழ பத்து ஏக்கர் தோட்டமும் வீட்டுமனையும் கிடைத்தன. காட்டை வெட்டுவது, கன்று நடுவது, உரம், சாலை, ஆலை எல்லாவற்றையும் வாரியம் ஏற்றது. குடும்பம் விளைச்சலிலிருந்து கடனை அடைத்தது. 1990இல் புதிய குடியேற்றம் நிற்கும்வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படிக் குடியமர்ந்தன. துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக் ஊரக மேம்பாட்டுப் பொறுப்பில் இருந்தபோது மாவட்டந்தோறும் ஒரு செயல்பாட்டு அறையும் ஒரு சிவப்புப் புத்தகமும் ஏற்பட்டன. எந்தக் கிராமத்துக்குச் சாலை, எதற்குக் கிணறு, எதற்கு மருந்தகம் என்று அதில் வரைபடத்தோடு குறித்து வைத்தார்கள். ரசாக் தாமே மாவட்டங்களுக்குச் சென்று, குறித்த வேலை முடிந்ததா என்று கேட்டார். ஊரக மருந்தகங்களில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் அமர்ந்தார்கள். ஊரின் பாரம்பரிய மருத்துவச்சிகளை விரட்டாமல் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். 1957இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 280 அளவில் இருந்த தாய் இறப்பு 2020இல் இருபதுகளுக்கு இறங்கியது. காங்கோவில் அதே ஆண்டில் அது 500க்கும் மேல். இந்த எண்களை வெறும் சுகாதாரப் புள்ளிவிவரமாகக் கடந்துபோக முடியாது. நள்ளிரவில் வலியெடுத்த பெண்ணை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு ஒரு நாட்டில் பதில் இருந்தது, மற்றதில் இல்லை.

இரு அரசுகளின் குணத்தை அருகருகே காட்டும் நிகழ்வுகள் இரண்டு உண்டு. 1973 நவம்பர் 30 அன்று, வெளிநாட்டார் கையிலிருந்த தோட்டங்களும் கடைகளும் இனி நாட்டு மக்களுடையவை என்று மொபுட்டு அறிவித்தார். நோக்கத்தைக் குறை சொல்ல இயலாது. ஆனால் அவை ஆட்சிக்கு நெருக்கமானவர்களின் கைக்குப் போயின. பெற்றவர்களில் பலர் இருப்பை விற்றுத் தீர்த்துவிட்டு ஒதுங்கினார்கள். சில ஆண்டுகளில் பழைய உரிமையாளர்களையே அரசு திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. மலேசியாவுக்கும் அதே மனக்குறை இருந்தது. 1981 செப்டம்பர் 7 காலையில் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பிஎன்பி, லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி என்னும் பிரித்தானியத் தோட்ட நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிவிட்டது. தோட்டம் கைமாறியது, மேலாளரும் கணக்கரும் ஆய்வுக்கூடமும் அப்படியே வேலையைத் தொடர்ந்தார்கள். அதே ஆண்டில் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு கூன்வண்டை மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அதுவரை ஆயிரக்கணக்கான தொழிலாளர் கையால் செய்துவந்த மகரந்தச் சேர்க்கையை அந்த வண்டு ஏற்றுக்கொண்டது. ஆப்பிரிக்கச் செடிக்கு ஆப்பிரிக்க வண்டு தேவை என்று கண்டறிய, ஆய்வு நிலையத்துக்குத் தடையில்லாமல் சம்பளமும் மின்சாரமும் வந்துகொண்டிருக்க வேண்டும்.

மின்சாரம் என்றதும் இங்கா அணைகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. காங்கோ ஆறு கடலை நெருங்கும் இடத்தில் 1972இலும் 1982இலும் இரு அணைகள் எழுந்தன. அங்கிருந்து சுமார் 1,700 கிலோமீட்டர் உயரழுத்தக் கம்பி தென்கிழக்கே கட்டங்கா செப்புச் சுரங்கங்களுக்குச் சென்றது. அந்தக் கம்பியின் கீழே உள்ள ஊர்கள் இருளில் கிடந்தன. இன்றும் நாட்டில் ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே மின்சாரம். எஞ்சியோர் சமைக்க விறகும் கரியும் வேண்டும். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் கின்ஷாசாவின் அடுப்புகள் மக்காலா என்னும் மரக்கரியால் எரிகின்றன.

காங்கோவின் காடு இன்னும் நிற்பதை அந்நாட்டின் சூழல் சாதனையாகக் காட்டும் வழக்கம் பன்னாட்டு மேடைகளில் உண்டு. அது பாதி உண்மை. சாலை சிதைந்தது, ஆலை நின்றது, படகு வாரக்கணக்கில் ஊர்ந்தது. அதனால் பெருந்தோட்டம் காட்டுக்குள் நுழையவில்லை. ஆனால் வறுமை காட்டைக் காக்கும் என்று எண்ணுவது பிழை. இன்று அங்கே அழியும் காட்டின் பெரும்பகுதி, கோடரியும் தீயும் கொண்டு மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் இடம் தேடும் சிறு குடும்பங்களின் கையால் அழிகிறது. உரமும் சந்தையும் மாற்று எரிபொருளும் இல்லாத குடும்பத்துக்கு அடுத்த துண்டுக் காட்டைத் தவிர வேறு சேமிப்பு கிடையாது.

அப்படியானால் மலேசியா சென்ற வழியில் காங்கோவும் செல்லட்டும் என்று முடித்துவிடலாமா? கூடாது. 1970இல் தீபகற்ப மலேசியக் குடும்பங்களில் 49.3 விழுக்காடு வறுமையில் இருந்தன. 2022இல் நாடு முழுதுக்குமான வறுமை விகிதம், புதிய அளவுகோலின்படி, 6.2 விழுக்காடு. பெரும் சாதனைதான். ஆனால் அதே 2022இல் சபாவில் அது 19.7 விழுக்காடு. எண்ணெயும் மரமும் செம்பனையும் தந்த மாநிலமே பின்தங்கி நிற்கிறது. சரவாக்கின் பாராம் ஆற்றுப் பகுதியில் பெனான் பூர்வகுடி மக்கள் 1987இல் மரவண்டிகளின் பாதையில் தடுப்பு கட்டி நின்றார்கள். கிளந்தானின் குவா மூசாங்கில் தெமியார் பூர்வகுடி மக்கள் அண்மைக் காலத்திலும் அதையே செய்ய வேண்டியிருந்தது. சரவாக்கிலேயே பாக்குன் அணைக்காகச் சுமார் பத்தாயிரம் பேர் சுங்கை ஆசாப்புக்குப் பெயர்க்கப்பட்டார்கள். காடு குறைந்ததன் விலை உடலிலும் தெரிகிறது: குரங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோலெசி வகை மலேரியா இப்போது மலேசியாவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்குகிறது.

தமிழர்க்கு இந்தக் கணக்கில் நேரடிப் பங்கு உண்டு. மலாயாவின் பால்மரக் காடுகளை வளர்த்தவர்கள் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். ஃபெல்டா நிலம் பெற்றவர்கள் பெரும்பாலும் மலாய்க் குடும்பத்தினர். தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் உழைத்த தமிழருக்கு லயன் வீடு மட்டுமே, அதுவும் வேலை இருக்கும்வரை. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் பல்லாயிரம் பேர் வேலையும் கூரையும் ஒருசேர இழந்தார்கள். 1960களின் இறுதியில் வந்த வேலை அனுமதிச் சட்டம் குடியுரிமைத் தாள் இல்லாதவர்களில் பலரை இந்தியாவுக்குத் திருப்பியது. பிறகு தோட்டங்கள் நகரங்களாக மாறின. நிலத்தின் விலை ஏறியது. அதில் ஒரு காசும் அதைப் பண்படுத்தியவர்களுக்கு வரவில்லை. விடுதலையின்போது எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர்த் தெருக்களில் இந்து உரிமைப் பணிப்படை திரட்டிய கூட்டத்துக்குப் பின்னால் இந்த நில வரலாறு இருந்தது. மலேசியாவின் வளர்ச்சிப் பாதை உண்மையானது. அதன் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்களும் உண்மையானவர்கள். சராசரி எண்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை.

எனவே ஒப்பீடு கேட்கும் கேள்வி நிலத்தின் மேல் வந்து நிற்கிறது. லீவர் 1911இல் பெற்ற நிலத்தின் ஒரு பகுதியான லொகுட்டு தோட்டத்தை, அவர் நிறுவனத்தின் வாரிசான யூனிலீவர் 2009இல் ஃபெரோனியா நிறுவனத்துக்கு விற்றது. ஐரோப்பிய வளர்ச்சி வங்கிகள் அதில் பணம் போட்டன. 2018இல் அப்பகுதிக் கிராமத்தார் ஜெர்மானிய வளர்ச்சி வங்கியின் குறைதீர்ப்பு அமைப்பில் மனுக் கொடுத்தார்கள்: நூறாண்டுக்கு முன் எடுத்த நிலம் எங்களுடையது, எல்லை எங்கே என்று காட்டுங்கள் என்று. வளர்ச்சிக்காக வந்த பணம்கூட, நிலம் யாருடையது என்று கேட்காமலே வந்திருந்தது.

காங்கோவில் இதற்கு ஒரு சட்ட வழி இருக்கிறது. 2014இல் வந்த ஆணைப்படி ஓர் ஊர்ச் சமூகம் 50,000 ஹெக்டேர் வரை காட்டைக் காலவரையின்றித் தன் பொறுப்பில் பெறலாம். 2022இல் பிக்மி பூர்வகுடிகளின் உரிமைக்கென்று தனிச் சட்டமும் வந்தது. சட்டம் கிராமத்தை அடைய நில அளவையாளர் வேண்டும், மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டும், மாகாண அலுவலகத்தில் கோப்பைப் பார்க்கும் ஊழியருக்கு மாதச் சம்பளம் தவறாமல் வர வேண்டும். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளுக்காக 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் காங்கோவுக்கு 50 கோடி டாலர் உறுதியளிக்கப்பட்டது. அந்தப் பணத்தைக் கரியமிலக் கணக்குகளுக்குச் செலவிடும் முன், இந்த அளவையாளருக்கும் ஊழியருக்கும், யாங்கம்பி ஆய்வு நிலையத்துக்கும், ஆற்றங்கரை மருந்தகத்தின் மருத்துவச்சிக்கும் பங்கு ஒதுக்க வேண்டும். மலேசியாவிடமிருந்து காங்கோ எடுத்துக்கொள்ளத் தக்கது செம்பனைப் பரப்பு அல்ல, ரசாக்கின் சிவப்புப் புத்தகம். அதுவும் தெமியாரின் எல்லையையும் தோட்டத் தொழிலாளியின் மனையையும் முதல் பக்கத்திலேயே குறித்துக்கொண்ட புத்தகமாக.