பொதுச் சமையலறையும் அரசின் உறுதியும்: வட ஐரோப்பாவில் முதியோர் கூட்டுக் குடியிருப்பு உருவான விதம்

முதியவர்கள் தாங்களே கூடித் திட்டமிட்டு, தாங்களே நிர்வகித்து, ஆளுக்கொரு வீட்டில் தனித்தும் ஒரே சமையலறையிலும் கூடத்திலும் சேர்ந்தும் வாழும் குடியிருப்புமுறை, சென்ற நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் டென்மார்க், ஸ்வீடன், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் வேரூன்றியது. கோஹவுசிங் என்று உலகெங்கும் வழங்கும் இதைக் கூட்டுக் குடியிருப்பு எனலாம். இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தனிமையிலிருந்தே தொடங்குகிறார்கள். குடும்பம் சிதறியது, பிள்ளைகள் விலகிப் போனார்கள், கைவிடப்பட்டவர்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. கேட்க உருக்கமாக இருக்கிறது, காலவரிசையோடுதான் பொருந்தவில்லை. ஸ்காண்டிநேவியாவில் வளர்ந்த பிள்ளைகளும் வயதான பெற்றோரும் தனித்தனியே வாழ்வது 1980களுக்கு வெகுகாலம் முன்பே வழக்கமாகிவிட்டது. தனிமை மட்டுமே காரணமென்றால் இந்தக் குடியிருப்புகள் ஒரு தலைமுறைக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். இக்கட்டுரை வேறொரு விளக்கத்தை முன்வைக்கிறது. முதியோர் கூட்டுக் குடியிருப்பு அரசின் பராமரிப்பு இல்லாத வெற்றிடத்தில் முளைத்ததன்று. அந்தப் பராமரிப்பு உறுதியாக நின்ற இடத்தில் முளைத்தது. படுத்துவிட்டால் பார்த்துக்கொள்ள நகராட்சி ஆள் அனுப்பும் என்ற தெம்பு இருந்ததால்தான், அண்டை வீட்டாரிடம் சமையலையும் பேச்சையும் மட்டும் எதிர்பார்க்க இயன்றது.

இதற்கான முதல் சான்று ஸ்வீடனில் கிடைக்கிறது, அதுவும் முதியோரோடு தொடர்பில்லாத ஒரு கட்டடத்தில். 1935இல் ஸ்டாக்ஹோமின் ஜான் எரிக்சன் தெருவில் கட்டடக் கலைஞர் ஸ்வென் மார்க்கேலியஸ், சமூகச் சிந்தனையாளர் ஆல்வா மிர்டாலின் கருத்துகளுக்கு உருவம் கொடுத்து ஓர் அடுக்குமாடி வீட்டைக் கட்டினார். வேலைக்குப் போகும் பெண்களை அடுப்படியிலிருந்து விடுவிப்பது அதன் நோக்கம். கீழ்த்தளத்தில் உணவகம், குழந்தைகள் காப்பகம். சமைத்த உணவு சிறிய மின்தூக்கிகளில் மேல்வீடுகளுக்கு ஏறியது. ஆனால் சமைத்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள் அல்லர். சம்பளத்துக்கு வந்தவர்கள். ஒரு வீட்டுப் பெண்ணின் வேலை இன்னொரு பெண்ணின் கூலிவேலையாக இடம் மாறியது என்பதற்கு மேல் இதில் புரட்சி எதுவுமில்லை என்று கடுமையாகவும் சொல்லலாம். கூலி உயர உயர இந்த ஏற்பாடு கட்டுப்படியாகாமல் போனது. 1950களில் ஸ்டாக்ஹோமை ஒட்டிய ஹாசெல்பியில் ஊலே எங்க்விஸ்ட் கட்டிய பெரிய குடும்ப விடுதியிலும் இதுவே நடந்தது. 1970களில் அங்கே உணவகம் மூடப்பட்டபோது குடியிருந்தவர்களே கரண்டியைக் கையிலெடுத்தார்கள். சேர்ந்து சமைத்தால் வேலை சுமையாவதற்குப் பதில் குறைகிறது என்பது அங்கே நடைமுறையில் தெரியவந்தது.

அதே பத்தாண்டில் பல துறைகளைச் சேர்ந்த ஸ்வீடன் பெண்கள் சிலர் ஒரு குழுவாகக் கூடினார்கள். கூடி வாழ்தல் என்று பொருள்படும் அவர்களது குழுப்பெயரின் சுருக்கம் ‘பிக்’. மிர்டாலின் தலைமுறை வீட்டு வேலையை ஒழிக்க நினைத்தது. இவர்கள் அதைப் பகிர நினைத்தார்கள். ஒவ்வொரு வீடும் தன் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால், சேரும் இடத்தில் பெரிய சமையலறையும் உணவுக்கூடமும் பட்டறையும் கூடுதல் செலவின்றி அமையும் என்பது அவர்கள் கணக்கு. வாடகை ஏறாது, ஆள் வைக்க வேண்டியதில்லை, முறைவைத்துச் சமைத்தால் போதும். முதியோர் குடியிருப்பின் அன்றாடம் முழுவதும் பின்னர் இந்தக் கணக்கின் மேல்தான் எழுந்தது. கோயம்புத்தூர் வட்டாரத்தில் இன்று பெருகியுள்ள ஓய்வுபெற்றோர் வளாகங்களை இதோடு சேர்த்துப் பேசும் வழக்கம் இருக்கிறது. அவற்றிலும் பொதுச் சமையலறை உண்டு. ஆனால் சமைப்பவர் ஊழியர், உண்பவர் வாடிக்கையாளர். பரம்பரை பார்த்தால் அவை 1935ஆம் ஆண்டின் மாதிரிக்கே உறவு.

டென்மார்க் வேறு வழியில் வந்தது. அங்கே தொடக்கம் குழந்தைகளுக்காக. கட்டடக் கலைஞர் யான் குட்மண்ட்-ஹோயர் 1964இல் நண்பர்களோடு கூடிப் பேசத் தொடங்கி, கோபன்ஹேகனை அடுத்த ஹாரெஸ்கோவில் நிலமும் வாங்கினார். பிள்ளைகள் கூச்சலிடுவார்கள் என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்ததில் அந்த முயற்சி முறிந்தது. 1967இல் போடில் கிரோ என்ற பெண் எழுத்தாளர், ஒரு குழந்தைக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்ற கருத்தை முன்வைத்து நாளிதழில் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இந்த இரு நீரோட்டங்களும் கலந்து 1972இல் 27 வீடுகளோடு சேட்டெடாமன், மறு ஆண்டு 33 வீடுகளோடு ஸ்க்ரோபிளானெட் ஆகிய குடியிருப்புகள் உருவாயின. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மாலைச் சமையல் பெரும்பாடு. பொது உணவு அந்த நேரத்தை மீட்டுத் தந்தது. வாரத்தில் பல நாள் அங்கே பந்தி நடந்ததற்குக் காரணம் இலட்சியத்தைவிட நேரப் பஞ்சமே.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியபோது கேள்வி மாறியது. பெரிய வீடு, படிக்கட்டு, விளையாட்டுத் திடல் எல்லாம் அறுபது வயதைத் தாண்டியவருக்குப் பொருந்தவில்லை. 1987இல் கோபன்ஹேகனில் மிட்கோர்டன் என்ற முதல் முதியோர் கூட்டுக் குடியிருப்பு திறக்கப்பட்டது. வழக்கமாக இதைக் குடும்பக் குடியிருப்பின் கிளை என்பார்கள். ஆனால் அதே காலத்தில் நடந்த மற்றொன்றை ஒதுக்கிவிட்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது. 1979இல் டென்மார்க் அரசு அமைத்த முதியோர் ஆணையம் மூன்று கொள்கைகளை வகுத்தது: வாழ்வின் தொடர்ச்சி அறுபடக் கூடாது, முடிவு முதியவருடையதாக இருக்க வேண்டும், அவரிடம் மிச்சமிருக்கும் திறனைப் பயன்படுத்த வேண்டும். 1984இல் ஸ்கேவிங்கே என்ற சிறு நகராட்சி தன் முதியோர் இல்லத்தை வீடுகளாக மாற்றி, இரவு பகல் எந்நேரமும் வீட்டுக்கே வரும் உதவியை ஊரிலுள்ள எல்லா முதியவருக்கும் விரித்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் பழைய பாணி முதியோர் இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதையே நிறுத்தியது. மிட்கோர்டன் திறந்த ஆண்டும் அதுதான். இதைத் தற்செயல் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் உதவி கட்டடத்தோடு ஒட்டியிருந்தவரை, அது தேவைப்பட்டவர் அந்தக் கட்டடத்துக்குப் போயாக வேண்டியிருந்தது. உதவி மனிதரைத் தொடர்ந்து வரத் தொடங்கிய பிறகுதான் எங்கே, யாரோடு மூப்படைவது என்பது தெரிவு செய்யக்கூடிய ஒன்றாயிற்று. கூட்டுக் குடியிருப்பு அந்தத் தெரிவுகளில் ஒன்று.

இந்த உறுதியின் தடயம் அன்றாடத்தில் எப்படித் தெரிகிறது என்பதற்கு ஸ்டாக்ஹோமின் சோடர்மால்ம் பகுதியிலுள்ள ஃபேர்ட்க்னெப்பன் நல்ல எடுத்துக்காட்டு. 1987இல் சங்கமாகக் கூடியவர்கள் 1993இல் 43 வீடுகள் கொண்ட கட்டடத்தில் குடிபுகுந்தார்கள். நாற்பது வயதைக் கடந்து, உடன் வாழும் பிள்ளைகள் இல்லாதவர்கள் மட்டுமே சேரலாம். கட்டடம் நகரின் வீட்டுவசதி நிறுவனத்துக்குச் சொந்தம். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் வாடகைக்காரர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை இரவு உணவு பொதுவில். குடியிருப்போர் சமையல் குழுக்களாகப் பிரிந்து, ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒரு வாரம் சமைக்கவும் கழுவவும் முறைவருகிறது. மற்ற வாரங்களில் சாப்பிட விரும்பினால் இறங்கி வரலாம். விரும்பாவிட்டால் மேலே தன் வீட்டில் முழுமையான அடுப்படி இருக்கிறது, யாரும் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. உண்பது விருப்பம், சமைப்பது கடமை. இந்த ஏற்றத்தாழ்வு கவனிக்கத்தக்கது. நம் கல்யாண வீடுகளில் பந்திக்கு வராதவர் மேல்தான் வருத்தம் வரும். பரிமாறாதவர் மேல் அன்று. இங்கே அது தலைகீழ். படிக்கட்டுத் துடைப்பது, தோட்டம் பார்ப்பது முதலிய வேலைகளும் குடியிருப்போருடையவை. நூலகம், தறி அறை, தச்சுப் பட்டறை ஆகியவை அவரவர் விருப்பத்துக்கு. டென்மார்க்கின் முதியோர் குடியிருப்புகளில் பொது உணவு பொதுவாக இதைவிட அரிது. நேரப் பஞ்சம் போன பிறகு பந்திக்கு அங்கே அவசரமில்லை. ஸ்வீடனிலோ வேலையே உறவின் ஊடகம் என்ற பிக் குழுவின் நம்பிக்கை இன்னும் அடுப்பில் எரிகிறது.

இந்த வேலைப் பட்டியலில் எது இல்லை என்பது இன்னும் முக்கியம். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, படுக்கையிலிருப்பவருக்கு இரவுத் துணை இருப்பது ஆகியவை எங்கும் கடமையாக எழுதப்படவில்லை. காய்ச்சலில் கிடப்பவர் வீட்டுக்குக் கஞ்சி போகும், மருந்து வாங்கி வருவார்கள், மருத்துவமனைக்கு உடன் போவார்கள். அதற்கு மேல் நகராட்சியின் வீட்டு உதவி. டென்மார்க்கின் முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் டுரெட்டும், குடிபுகும் முன்பே குழுவாக உட்கார்ந்து யார் யாருக்கு எந்த அளவு உதவுவது என்று பேசி எல்லை வகுத்துவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறார். எல்லை இல்லாத உதவி சில ஆண்டுகளில் இளையவரைச் செவிலியராகவும் மூத்தவரை நோயாளியாகவும் மாற்றிவிடும். அப்போது அது பெயர் மாறிய முதியோர் இல்லமே.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. அரசு இவற்றை ஆதரித்ததே செலவைக் குறைக்கத்தானே? உண்மையில் ஃபேர்ட்க்னெப்பனைத் தொடங்கியவர்களே, ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்ந்தால் சமூகத்தின் மேல் விழும் பாரம் குறையும் என்று வாதிட்டுத்தான் நகரிடம் கட்டடம் கேட்டார்கள். நெதர்லாந்திலும் முதியோர் இல்லங்களில் மிகுதியானோர் வாழ்ந்த நிலையை மாற்ற விரும்பிய அரசு, கூடி வாழ விரும்பிய முதியோர் குழுக்களை ஊக்குவித்தது. 1984இல் அக்குழுக்களுக்கான தேசியச் சங்கமும் ஏற்பட்டது. எனவே இது பின்வாங்கும் அரசின் கருவி என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். பாதி சரி. ஆனால் நெதர்லாந்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்: வீட்டுவசதிக் கழகங்கள் கட்டி வாடகைக்கு விட்டன, காலியாகும் வீட்டுக்கு யார் வரலாம் என்று பரிந்துரைக்கும் உரிமையைக் குழுவுக்கு விட்டன. பணமும் செங்கல்லும் பொதுத்துறையுடையவை, தெரிவு முதியவருடையது. பின்வாங்கிய அரசு இப்படிச் செய்வதில்லை. செலவு குறைவது இதன் விளைவாக இருக்கலாம்; செலவே இல்லாமல் இது நடக்கும் என்பது வேறு கூற்று, அதற்குச் சான்றில்லை.

அமெரிக்கா இரண்டாவது மறுப்பு. வீட்டுக்கு வரும் இலவச உதவி அங்கே உரிமையாக இல்லை; இருந்தும் 2005-07 காலத்தில் கலிஃபோர்னியாவின் டேவிஸ், வர்ஜீனியாவின் அபிங்டன், கொலராடோவின் போல்டர் ஆகிய ஊர்களில் முதியோர் கூட்டுக் குடியிருப்புகள் எழுந்தனவே? எழுந்தன, எழுந்த விதம்தான் என் வாதத்துக்குத் துணையாகிறது. டேவிஸின் கிளேசியர் சர்க்கிளில் 8 வீடுகள், போல்டரின் சில்வர் சேஜில் 16. பெரும்பாலும் சொந்தப் பணத்தில் வீடு வாங்கக்கூடியவர்களின் உலகம் அது. செவிலியரைக் கூடிச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் அவர் தங்க அறை ஒதுக்கும் வழக்கமும் அமெரிக்கத் திட்டங்களில் வந்தது. அரசு தராத உறுதியைப் பணப்பை தரவேண்டியதாயிற்று. முன்னாள் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய அபிங்டனின் எல்டர்ஸ்பிரிட்டில் மட்டும் வருமானம் குறைந்தோருக்கு வாடகை வீடுகள் கணிசமாக இருந்தன. அவை பொது மானியத்தோடு கட்டப்பட்டவை.

கூலியில்லாத உழைப்பு பெண்கள் தலையில் விழுகிறது என்பது மூன்றாவது மறுப்பு. இதை எளிதில் தள்ள முடியாது. இக்குடியிருப்புகளில் பெண்களே பெரும்பான்மை. ஒருவருக்கு மறதிநோய் தொடங்கும்போது, எழுதிவைத்த எல்லையை மதித்து எந்தத் தோழியும் கதவை மூடிக்கொள்ளப் போவதில்லை. எல்லை கரையத்தான் செய்யும். ஆனால் கரையும் எல்லைக்கும் இல்லாத எல்லைக்கும் வேறுபாடு உண்டு. பெற்றோரையும் கணவரையும் பார்த்துப் பார்த்தே வாழ்வைக் கழித்த ஒருத்தி, இனி இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லும் உரிமையைக் குடும்பத்தில் பெறவில்லை, இங்கே பெறுகிறாள். பிரான்ஸின் மொந்த்ரேயில் பெண்ணியவாதி தெரேஸ் கிளேர் பல ஆண்டுகள் போராடி உருவாக்கிய பாபயாகா இல்லமும் பெண்களின் தன்னாட்சியையே முழக்கமாகக் கொண்டது. அதையும் கட்டித் தந்தது நகரின் பொது வீட்டுவசதி நிறுவனம்தான்.

இந்த வாதத்தை உரசிப் பார்க்கச் சிறந்த இடம் இங்கிலாந்து. சமூகக் கொள்கை ஆய்வாளர் மரியா பிரென்டன் நெதர்லாந்துக் குழுக்களை ஆராய்ந்து வந்து 1998இல் லண்டனில் பேசியதைக் கேட்ட பெண்கள் சிலர், ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கென ஒரு குடியிருப்பு வேண்டும் என்று கூடினார்கள். வடக்கு லண்டனின் ஹை பார்னெட்டில் நியூ கிரவுண்ட் என்ற பெயரில் அது 2016இல்தான் திறந்தது: 25 வீடுகள், அவற்றில் 17 குத்தகை உரிமைக்கு விற்றவை, 8 வீடுகள் அறக்கட்டளை உதவியோடு குறைந்த வாடகைக்கு. ஊக்கம் குறைந்ததால் 18 ஆண்டுகள் ஆகவில்லை. நிலத்தின் விலை ஒரு காரணம். வெளியூர் முதியவர்களை உள்ளே விட்டால் நாளை அவர்களின் பராமரிப்புச் செலவு தன் கணக்கில் ஏறும் என்று உள்ளாட்சிகள் அஞ்சியது இன்னொன்று. இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு உள்ளாட்சியின் பொறுப்பு, வருமானமும் சொத்தும் பார்த்து வழங்கப்படுவது, எப்போதும் பற்றாக்குறையில் ஓடுவது. பராமரிப்பு உறுதியாக இருந்த டென்மார்க்கில் புதிய குடியிருப்பை நகராட்சி வரவேற்கலாம்; உறுதியில்லாத இடத்தில் ஆரோக்கியமான அறுபது வயதுக்காரியும் வருங்காலச் செலவாகவே தெரிவாள். நியூ கிரவுண்டில் ஒவ்வொருவருக்கும் உடல்நலத் தோழிகள் உண்டு. நோயுற்றால் விசாரிப்பார்கள், உணவு கொண்டு வருவார்கள், உடலைப் பராமரிக்கும் வேலையை ஏற்பதில்லை. நெதர்லாந்திலிருந்து வந்த அதே எல்லைதான். ஆனால் அந்த எல்லையின் மறுபக்கத்தில் அங்கே பொதுச் செலவில் வரும் உதவியாளர் நின்றார்; இங்கே நிற்பது யார் என்பது அவளவளின் சேமிப்பைப் பொறுத்தது.